துக்க வீட்டுக்கு வந்த ஜீப்

சென்ற மாதம் ஆசிரியர்களுக்கான பயிற்சி முகாம் ஒன்றில் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். 'பெருந்தொற்றுக் காலத்தில் மாணவர்களுக்கு நாம் அளித்த ஆதரவு' என்பது தலைப்பு. ஓய்வுபெற்ற கிழவிதானே, நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு, சால்வையை வாங்கிக்கொண்டு, சாம்பார் சாதம் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவாள் என்று நினைத்திருப்பார்கள். நான் பேச ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே ஒருங்கிணைப்பாளர் ஓடிவந்து, "டைம் ஆயிருச்சுங்க மேடம்" என்று மைக்கை வாங்கிக்கொண்டார். சால்வையை மட்டும் மறக்காமல் போர்த்தினார்கள். வாசல்வரை வந்த இரண்டு இளம் ஆசிரியைகள், "மிச்சத்தையும் சொல்லுங்க டீச்சர்" என்றார்கள். வெளியே ஆட்டோ காத்திருந்தது. அதனால் மிச்சத்தை எழுதுகிறேன்.

என் பெயர் ரோஸ்லின். இயற்பியல் ஆசிரியை. பிறந்ததும் இப்போது இருப்பதும் திண்டுக்கல் டவுன். பி.எட். படிப்பில் கற்றுக்கொண்டதில் கரும்பலகையில் வரி கோணாமல் எழுதுவது ஒன்றுதான் எனக்குப் பயன்பட்டது. முதல் வேலை கீரனூரில். "ஏனுங்க டீச்சர், நாளைக்கு வரலாமுங்களா?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு மரியாதையாகவே மட்டம் போடுகிற பிள்ளைகள். பிறகு சின்னாளப்பட்டிப் பக்கம் சில வருஷம். கடைசியாகக் குஜிலியம்பாறைப் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளி. மானாவாரி பூமி அது. மழை பெய்தால் கடலை போடுவார்கள், பெய்யாவிட்டால் மில்லுக்குப் போவார்கள். நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் கொரோனா வந்து சேர்ந்தது.

எங்கள் தலைமையாசிரியரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கெட்டவராக இருப்பதற்கும் கொஞ்சம் முதுகெலும்பு வேண்டும். எச்.எம். எப்போதும் இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையில் இருப்பார். முகக்கவசத்தைப் பேசும்போது இறக்குவார், பேசி முடித்ததும் ஏற்றுவார். எதற்கெடுத்தாலும், "பாசிட்டிவா இருப்போம் மேடம்" என்பார். அந்த வார்த்தையைக் கேட்டாலே ஊர் பத்தடி தள்ளி நின்ற காலம். அவருக்கு அது உறைக்கவே இல்லை.

எங்கள் பள்ளியில் எந்த நல்ல காரியமும் போட்டோ எடுத்தால்தான் நடந்ததாகக் கணக்கு. சாயங்காலத்துக்குள் படம் மேலதிகாரிகளின் வாட்ஸப் குழுவுக்குப் போய்விட வேண்டும். முதலில் பேனர் கட்டுவார்கள். பேனருக்கு முன்னால் கொடுக்கிற ஆட்கள், அவர்களுக்கு நடுவில் வாங்குகிற பிள்ளை. ஒருநாள் பிள்ளைகளுக்கு முகக்கவசம் கொடுத்தார்கள். வாங்குகிற பிள்ளையின் முகம் படத்தில் தெரியவில்லை என்று, போட்டிருந்த முகக்கவசத்தைக் கழற்றச் சொன்னார் எச்.எம். மாதாவே! நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன். என் முகக்கவசம் அன்றைக்குத்தான் முழுசாக உபயோகப்பட்டது.

ஆன்லைன் வகுப்பு என்று ஒன்று நடந்தது. காலையில் நான் வாட்ஸப்பில் பாடத்தைப் பேசி அனுப்புவேன். பிள்ளைகள் கட்டைவிரல் படத்தைப் போட்டால் வருகைப் பதிவு. அப்பன் போனை எடுத்துக்கொண்டு வெங்காயம் ஏற்றப் போயிருப்பான், கட்டைவிரலையும் அவனே போட்டுவிடுவான். "ஒளிவிலகல் புரிஞ்சதா?" என்று கேட்டால் ஏதோ ஒரு லாரி ஷெட்டிலிருந்து கட்டைவிரல் வரும். எச்.எம்.முக்கு வருகைப் பதிவு முழுசாக வந்ததில் அவ்வளவு ஆனந்தம்.

பையன்களில் பாதிப் பேர் மில்லுக்குப் போய்விட்டார்கள். கையில் காசு பார்த்தவன் திரும்பிவந்து பெஞ்சில் உட்காருவானா? பெண்பிள்ளைகள் கடலைக்காட்டிலும் அடுப்படியிலும் இருந்தார்கள். வகுப்பிலேயே கெட்டிக்காரியாக இருந்த ஒருத்தி கையெழுத்துப் போடத் தடுமாறினாள். சிரித்துப் பேசுகிற இன்னொருத்தி நான் வீட்டுக்குப் போனால் கதவுக்குப் பின்னால் நின்றாள். இதற்கெல்லாம் மேலிடம் வைத்த பெயர் 'கற்றல் இழப்பு'. குடையைத் தொலைத்தமாதிரி ஒரு பெயர்! எல்லாரும் தேர்ச்சி என்று அறிவித்துவிட்டு, இழப்பை ஈடுகட்ட ஒரு புத்தகமும் அனுப்பினார்கள்.

கௌசல்யா என் வகுப்புப் பிள்ளை. பிளஸ் ஒன் முடித்து, பரீட்சை இல்லாமலே பிளஸ் டூ ஆனவள். அப்பா லாரி டிரைவர், அம்மா வெள்ளையம்மா காட்டுவேலைக்குப் போகிறவள். இரண்டாவது அலையில் அப்பா இறந்துபோனார். ஆஸ்பத்திரியிலிருந்து பொட்டலமாகக் கட்டிக் கொண்டுவந்து நேராகச் சுடுகாட்டுக்கே கொண்டு போனார்கள். பெண்டாட்டியும் பிள்ளையும் முகம்கூடப் பார்க்கவில்லை. அதைவிடக் கொடுமை, அந்த வீட்டுக்குத் துக்கம் கேட்க ஒருவரும் வரவில்லை. எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்குப் பெண்கள் வந்தால் கட்டிப்பிடித்து அழுவார்கள். அழுது தீர்த்தால்தான் சோறு இறங்கும். வெள்ளையம்மாவைத் தொட எல்லாரும் பயந்தார்கள். அவள் அழாமலே இருந்தாள்.

அந்த நேரத்தில்தான், பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு ஆன்லைன் வகுப்புக்காகப் போன் தருகிறோம் என்று டவுனிலிருந்து ஓர் அமைப்பு வந்தது. எச்.எம். கௌசல்யாவின் பெயரைக் கொடுத்தார். அதுவரை சரி. மேடையில் பிள்ளையோடு அம்மாவும் நின்றால் படம் உருக்கமாக இருக்கும் என்று அமைப்புக்காரர் ஒருவர் சொன்னார். அந்த வீட்டில் அப்போது முப்பதுகூடக் கும்பிடவில்லை. முப்பதாம் நாள் கும்பிடும்வரை புருஷனை இழந்தவள் வாசற்படி தாண்டக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். வழக்கம் நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. அந்த ஊரில் குடியிருக்கப்போவது வெள்ளையம்மாதானே தவிர அமைப்புக்காரர் இல்லை.

நான் எச்.எம்.மிடம் சொன்னேன். "நல்ல காரியத்துக்கு எதுக்கு மேடம் இதெல்லாம் பாக்கணும்? பாசிட்டிவா இருப்போம்" என்றார். வெள்ளையம்மா வரமாட்டேன் என்று சொல்லியும் ஜீப் அனுப்பினார்கள். வராவிட்டால் பிள்ளைக்குப் போன் கிடைக்காது என்று டிரைவர் சொன்னானாம். பிள்ளைக்காக ஏறிவிட்டாள். மேடையில் அவள் தோளில் பொன்னாடை போர்த்தினார்கள். ஆமாம், பொன்னாடை. தாலி அறுத்த ஈரம் காயாதவளுக்கு ஜரிகை வைத்த பொன்னாடை! பேசிய ஆள் கடைசியில், "இதுபோன்ற இனிய தருணத்தில் மீண்டும் சந்திப்போம்" என்று முடித்தார். எனக்கு அந்தப் பேனரைக் கிழித்து அவர் தலையில் போடலாம் என்று இருந்தது.

விழா முடிந்ததும் அமைப்புக்காரர் கௌசல்யாவிடம் போனைத் திருப்பி வாங்கினார். "இது மேடைக்கு மட்டும்மா. சாயங்காலம் அடுத்த ஸ்கூல்ல புரோகிராம் இருக்கு. உன்னோடது பின்னால வரும்." பின்னால் வந்தது ஒரு அட்டைப்பெட்டி. அதில் கைகழுவும் திரவமும், மன அழுத்தத்தை வெல்வது எப்படி என்ற புத்தகமும் இருந்தன. அந்த அமைப்பை அதற்குப் பிறகு நாங்கள் பார்க்கவில்லை.

ஆடி மாதக் கடைசியில் எனக்கு ஒரு போன் வந்தது. மளிகைக் கடைக்காரர் போனிலிருந்து கௌசல்யா பேசினாள்.

"டீச்சர், நான் ரெக்கார்டு நோட்டு எழுத வேண்டாம்ல?"

"ஏன் எழுத வேண்டாம்?"

"ஆவணியில எனக்குக் கல்யாணமாம் டீச்சர். அத்தை மகனுக்கு."

அந்தப் பிள்ளைக்குப் பதினேழு வயது நிறையவில்லை. மாப்பிள்ளை மில்லில் வேலை பார்க்கிறவன், அவளைவிடப் பத்து வயது மூத்தவன். அந்த வருஷம் இப்படிக் கல்யாணங்கள் எங்கும் நடந்தன. இருபது பேரைக் கூப்பிட்டால் போதும், மண்டபம் வேண்டாம், பந்தி வேண்டாம். பெண்ணைப் பெற்றவர்களுக்கு ஊரடங்கு ஒரு தள்ளுபடி விற்பனையாகத் தெரிந்தது.

பிள்ளைகளின் மனநலத்துக்கென்று ஓர் ஆலோசனை மையத்தின் எண்ணைப் பள்ளிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். கூப்பிட்டேன். பேசிய பெண்ணின் குரல் தேனாக இருந்தது.

"பொண்ணோட வாட்ஸப் நம்பர் குடுங்க மேடம். லிங்க் அனுப்புறோம். வீடியோவுல கவுன்சலிங் குடுப்போம்."

"அந்தப் பிள்ளைகிட்ட போன் இல்லம்மா."

"பரவால்ல மேடம், அப்ப சாதாரணக் கால்லயே பேசுறோம்."

"அதுக்கும் போன் வேணும்லம்மா?"

கம்ப்யூட்டரில் எதையோ தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "மெயில் ஐடி இருக்கா மேடம்?" என்று கேட்டாள். நான் போனை வைத்துவிட்டேன்.

சட்டம் இருக்கிறது, போலீசுக்குச் சொல்லலாம். சொன்னால் ஜீப் வரும், அன்றைக்குக் கல்யாணம் நிற்கும். அடுத்த வாரம் வேறு மாவட்டத்தில் ஏதாவது கோயிலில் வைத்துத் தாலி கட்டிவிடுவார்கள். அப்படி நடந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். கடைசி வழியாக அதை வைத்துக்கொண்டு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன்.

வாசலில் கௌசல்யாவின் அத்தை பேச்சியம்மா உட்கார்ந்திருந்தாள். இறந்தவருக்கு உடன்பிறந்த தங்கை, மாப்பிள்ளையின் அம்மா.

"வாங்க டீச்சரு. நீங்களும் படம் புடிக்கத்தான் வந்தீகளா?"

"இல்ல. கௌசல்யாவப் பத்திப் பேச வந்தேன். அவளுக்கு இன்னும் கல்யாண வயசு ஆகல. இது சட்டப்படி குத்தம், தெரியும்ல?"

"சட்டம் எங்களுக்கு மட்டுந்தானா? எங்கண்ணன் மொகத்தைக்கூடக் காட்டாம எரிச்சாகளே, அது எந்தச் சட்டம்? முப்பது கும்பிடல, அதுக்குள்ள இவ மேடையேறிப் பொன்னாடை வாங்கிட்டு வாரா. அந்தப் படம் ஊரு பூராம் சுத்துது. புருசன் செத்ததுக்குப் போனு கெடச்சிருச்சுன்னு சந்தியில நின்னு சிரிக்கிறானுக. சரி, அந்தப் போனாவது வீட்டுல இருக்கா? அதையும் வித்துத் தின்னுட்டா!"

நான் திடுக்கிட்டுப்போனேன். போனைத் திருப்பி வாங்கியது எங்களுக்குத் தெரியும். ஊருக்கு யார் சொன்னது? ஊர் பார்த்தது படத்தை மட்டும்தானே.

"அவ விக்கல. அன்னைக்கே வாங்கிட்டுப் போயிட்டாங்க. அவளாவும் மேடைக்கு வரல, நாங்கதான் ஜீப் அனுப்பிக் கூட்டிட்டு வந்தோம்" என்றேன்.

"நீங்க அவளுக்குப் பரிஞ்சுதான பேசுவீக. ஆத்தாகாரி இம்புட்டுத் துணிஞ்சவ. மகளையாவது எங்கண்ணன் பேரு கெடாம நாங்க காபந்து பண்ணிக்கிறோம். அம்புட்டுக்கும் மேல ஒண்ணு இருந்தா உங்க பெரிய வாத்தியாரு வந்து சொல்லட்டும், கேக்குறேன்."

வெள்ளையம்மா உள்ளே சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.  கௌசல்யா என்னை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் எச்.எம்.மிடம் போனேன். "ரொம்ப சென்சிடிவ் மேட்டர் மேடம். குடும்ப விஷயத்துல நாம எப்படித் தலையிடுறது?" என்றார். ஜீப் அனுப்பியபோது அது குடும்ப விஷயமாகத் தெரியவில்லை இவருக்கு. வாய்வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு சொன்னேன்: "தலையிட வேண்டாம் சார். துக்கம் விசாரிச்சிட்டு வருவோம். மாணவியின் வீட்டுக்கே சென்று ஆறுதல் கூறிய தலைமையாசிரியர்னு குரூப்ல போட்டா நல்லா இருக்கும்."

மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பேனர் ஒண்ணு சொல்லிரலாமா?" என்றார்.

"துக்க வீட்டுக்குப் பேனரா சார்? உங்க போன் போதும். என்கிட்ட குடுங்க, நான் எடுக்கிறேன்."

கொடுத்தார். வாங்கிக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன். அன்றைக்குச் சாயங்காலம்வரை அது வெளியே வரவில்லை.

அந்த வீட்டில் பேச்சியம்மாவும், அவள் வீட்டுக்காரரும், பங்காளிகள் சிலரும் இருந்தார்கள். சாவு வீட்டுக்குப் போனதும் பேசக்கூடாது, செத்த நேரம் சும்மா உட்காரணும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருந்தேன். பாயில் உட்கார்ந்த கையோடு எச்.எம். முகக்கவசத்தை இறக்கினார். "இந்த இக்கட்டான காலகட்டத்தில், நமது பள்ளியின் சார்பில்..." என்று ஆரம்பித்துவிட்டார்.

உள்ளேயிருந்து வெள்ளையம்மா எழுந்து வந்து நிலைப்படியில் நின்றாள்.

"சார், நான் ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு ஜீப்பு அனுப்புனது யாரு?"

"அது பள்ளி சார்பா..."

"நான் வரமாட்டேன்னு சொன்னேனா, இல்லையா?"

"சொன்னீங்கம்மா. ஆனா அந்தத் திட்டத்தோட நோக்கம் என்னன்னா..."

"நோக்கம் கெடக்கட்டும் சார். அந்தப் போனு எங்க?"

எச்.எம். என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். "அது வந்து... அன்னைக்குச் சாயங்காலம் அடுத்த ஸ்கூல் புரோகிராமுக்குக் கொண்டு போயிட்டாங்கம்மா."

"அப்ப நான் விக்கல?"

"இல்லம்மா. நீங்க விக்கல."

"சத்தமாச் சொல்லுங்க சார். எங்க நாத்தனாருக்குக் காது செத்த மந்தம்."

பேச்சியம்மாவுக்கு ஊசி விழுந்தாலும் கேட்கும். எச்.எம். வேர்த்துப்போய், முழுத் தொண்டையில் சொன்னார்: "அந்தம்மா போனை விக்கல! அவங்களா வரவும் இல்ல! நாங்கதான் கட்டாயப்படுத்திக் கூட்டிட்டு வந்தோம்!"

அவ்வளவு தெளிவாக அவர் பேசி என் சர்வீசில் நான் கேட்டதில்லை.

வெள்ளையம்மா நிலைப்படியிலேயே சரிந்து உட்கார்ந்தாள். அதுவரை உள்ளே கிடந்ததெல்லாம் வெடித்துவிட்டது. "என் ராசா, ஒன் மொகத்தக்கூடப் பாக்கலையே" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். பேச்சியம்மா எழுந்து போய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் சேர்ந்து அழுத அழுகை தெருமுனைவரை கேட்டிருக்கும். கௌசல்யா ஓடிப்போய் இருவர் மடியிலும் விழுந்தாள். எனக்கும் கண் நிற்கவில்லை. இத்தனை நாள் கழித்து அன்றைக்குத்தான் அந்த வீட்டில் சாவு விழுந்தது. அதற்கு எந்த அமைப்பும் வேண்டியிருக்கவில்லை.

எச்.எம். என் காதோரம் குனிந்து, "மேடம், இப்ப எடுத்தீங்களா?" என்று கேட்டார். நான் அவரைப் பார்த்த பார்வையில் முகக்கவசத்தை ஏற்றிக்கொண்டார்.

நாங்கள் எழுந்தபோது பேச்சியம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள்: "சரி டீச்சரு. பிள்ள பரீச்ச எழுதட்டும். எம் மவன் எங்கயும் ஓடிப்போயிர மாட்டான்." ரொம்பத் தாராளமான மனசு என்று சொல்ல முடியாது. எனக்கு அன்றைக்கு அது போதும். பிற்பாடு அந்த மவன் அவ்வளவு நாள் காத்திருக்கவில்லை, வேறு இடத்தில் பெண் பார்த்து முடித்துவிட்டார்கள். கௌசல்யா பரீட்சை எழுதித் தேறி, இப்போது திண்டுக்கல்லில் கல்லூரிக்குப் போகிறாள்.

ஆனால் பள்ளி திறந்த அந்த முதல் மாதத்தை நான் சொல்லியாக வேண்டும். பிள்ளைகள் புதுசாக நடக்கப் பழகுகிறவர்களைப்போல வந்தார்கள். பாதி வகுப்பில் தூங்கினார்கள். பக்கத்தில் இருப்பவன் தும்மினால் பெஞ்சே எழுந்து நின்றது. கௌசல்யா கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ரெக்கார்டு நோட்டை விடாமல் எழுதினாள். யாரோடும் அதிகம் பேசவில்லை. நானும் கிளறவில்லை. ஒருநாள் லென்சை வைத்துச் சுவரில் ஜன்னலின் பிம்பத்தைத் தலைகீழாக விழவைத்துவிட்டு, பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துச் சிரித்தாள். அன்று எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

அந்த வாரமே எச்.எம். என்னைக் கூப்பிட்டார். எப்போதையும்விட வெளுத்த சட்டை. இடைநின்ற மாணவியை மீட்டெடுத்ததற்காக அவரைப் பாராட்டி விழாவாம். பெரிய அதிகாரிகள் வருகிறார்களாம். கௌசல்யா மேடையில் நின்று அவருக்கு நன்றி சொல்ல வேண்டுமாம், அம்மாவும் வந்தால் நல்லதாம். நான் போய்க் கௌசல்யாவிடம் கேட்டேன். அவள் நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"நான் வரல டீச்சர். எங்கம்மாவையும் கூப்பிட விட்ராதீக. கூப்பிட்டா நான் நாளையிலருந்து வரமாட்டேன்."

அதை அப்படியே எச்.எம்.மிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன், படவில்லை. 

"சரி விடுங்க மேடம், கட்டாயப்படுத்த வேண்டாம்" என்றார். பிறகு முகக்கவசத்தை இறக்கினார். "உங்க கிளாஸ்ல அப்பா இல்லாத பிள்ளை வேற யாராவது இருக்கா? கொரோனாவுல போயிருந்தா இன்னும் நல்லது."

இருந்தார்கள். முன் பெஞ்சிலேயே இரண்டு பேர், ஜன்னலோரம் ஒருத்தி.

"யாரும் இல்ல சார். எங்க கிளாஸ்ல எல்லாருக்கும் அப்பா இருக்காரு" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனேன்.